விழாவுக்கு வயது எதற்கு?

ஜூன் திங்கள் 21ஆம் நாளை ஒட்டி, நிலவுலகின் வட பாதியில் பகல் மிக நீண்டும் இரவு மிகக் குறுகியும் அமைகின்றன. வடக்கு நோக்கி நகர்ந்துவந்த கதிரவன் அன்று நின்று, பின் தெற்கு நோக்கித் திரும்புகிறான். இதனைக் கோடைக் கதிர்த் திருப்பம் என்பர். நம் ஊர்ப் பக்கத்தில் இந்நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. காரணம் எளிது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. தில்லியில் அது மூன்றரை மணிக்குச் சற்று மேல். இலண்டனிலோ ஒன்பது மணிக்குச் சற்றே குறைவு. குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே விளக்கேற்றி வாழ்பவனுக்கு, இரவு ஒன்பதரை ஆகியும் வெளிச்சம் மறையாத நாள் திருநாளாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

அத்திருநாளைச் சமயக் கடமையாகவே கொண்டாடும் கூட்டத்தார் இன்று மேனாடுகளில் உள்ளனர். அவர்கள் தம்மைப் 'பேகன்' நெறியினர் என அழைத்துக்கொள்கின்றனர். மயிலுக்குப் போர்வை அளித்த நம் வள்ளல் பேகனுக்கும் இச்சொல்லுக்கும் யாதோர் உறவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலி ஒத்திருந்தால் உறவு கொண்டாடிவிடும் பழக்கம் நம்மிடையே சிறிது உண்டு அல்லவா? இலத்தீன் மொழியில் நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல், பின்னர்க் கிறித்துவத்தைத் தழுவாதவனைக் குறிக்கும் வசைச்சொல் ஆயிற்று. அந்த வசையையே இவர்கள் விரும்பிப் பெயராகச் சூடிக்கொண்டனர். 2021ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 74,000 பேர் தம் சமயம் 'பேகன்' என எழுதினர். அவற்றின் ஒரு கிளையாகிய 'விக்கா' எனத் தனியே எழுதியோர் ஏறத்தாழ 13,000 பேர்.

இவர்களுள் பலர் ஆண்டை ஒரு சக்கரமாகக் கொண்டு எட்டு விழாக்களை எடுக்கின்றனர். கதிர்த் திருப்பங்கள் இரண்டு, பகலும் இரவும் ஒத்த நாட்கள் இரண்டு, இவற்றின் இடைப்பட்ட நாட்கள் நான்கு. கோடைத் திருப்பத்தின்போது குறுகிய இரவு முழுதும் விழித்திருப்பர், தீ மூட்டுவர், தணல் அடங்கியபின் அதனைத் தாண்டிக் குதிப்பர், மூலிகை பறிப்பர், பூமுடி சூடுவர், விடியலில் கிழக்கு நோக்கி நின்று கதிரவனை வரவேற்பர். சிலர் வீட்டுத் தோட்டத்தில் நான்கைந்து பேராகக் கூடுவர். சிலர் வில்ட்சயர் மாவட்டத்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டத்தில் பல்லாயிரவரோடு கூடுவர்.

இவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரு குரல்களைக் கேட்கிறேன். "இஃது ஐயாயிரம் ஆண்டுகளாக இடையறாது வரும் விழா, ஆதலின் போற்றத்தக்கது" என்பது ஒரு குரல். "இது நேற்று முளைத்த வேடிக்கை; வெள்ளை அங்கி அணிந்தோர் ஆடும் நாடகம்; ஆதலின் நகைக்கத்தக்கது" என்பது மற்றொரு குரல். இவ்விரண்டையும் நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு முன் உண்மையைப் பார்ப்போம்.

ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் கி. மு. 2500ஐ ஒட்டி நிறுத்தப்பட்டவை. கோடைத் திருப்ப நாளின் கதிர் எழுச்சியையும் குளிர்காலத் திருப்ப நாளின் கதிர் மறைவையும் நோக்கி அவை அமைந்துள்ளன என்பது ஐயமற்ற உண்மை. ஆனால் அவற்றை நிறுத்தியோர் எழுத்தறியாதவர். எந்தத் தெய்வத்தை எப்படி வணங்கினர் என்று ஒரு வரியும் விட்டுச் செல்லவில்லை. அருகிலுள்ள டரிங்டன் வால்சு என்னும் பழைய குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகளை ஆராய்ந்தோர், அங்கே பெருவிருந்து நடந்தது குளிர்காலத்தில் என்கின்றனர். அப்படியாயின், அக்கற்களை நிறுத்தியவர்க்கு டிசம்பர் மாலையே ஜூன் காலையைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம்.

இனி, 'துரூயிதர்' என்னும் பூசாரிகளைப் பார்ப்போம். இவர்களைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியது கி. மு. முதல் நூற்றாண்டில். கற்கள் நிறுத்தப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட காலம் அது. இரண்டையும் இணைத்தவர்கள் பிற்கால அறிஞர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரே என்பார் இக்கருத்தைத் தொடங்கிவைத்தார். 1740இல் வில்லியம் ஸ்டூக்லி என்பார் ஸ்டோன்ஹெஞ்சைத் துரூயிதர் கோயில் என்றே நூல் எழுதி நிலைநாட்டினார். புதுத் துரூயிதர் சங்கத்தார் அங்கே திரளாகக் கூடிச் சடங்கு செய்தது 1905ஆம் ஆண்டில்.

விக்கா நெறியின் தந்தை எனப்படும் ஜெரால்டு கார்டுனர் இளமையில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பின் மலேயாவில் இரப்பர்த் தோட்டத்திலும் அரசுப் பணியிலும் இருந்து, 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர். சூனியத்தைத் தடுத்த பழஞ்சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், 1954இல் தம் நெறியைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுதினார். அவர் குழுவினர் கதிர்த் திருப்பங்களையும் மற்ற பெருவிழாக்களுக்கு ஒப்பாகக் கொண்டாடத் தொடங்கியது 1958ஐ ஒட்டியே. கோடைத் திருப்பத்தன்று ஓக் மன்னனும் ஹோலி மன்னனும் பொருதுகின்றனர் என்னும் கதை, 1948இல் இராபர்ட் கிரேவ்ஸ் என்னும் கவிஞர் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. விழாவுக்கு இன்று பலரும் வழங்கும் 'லித்தா' என்னும் பெயரோ, 8ஆம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி குறித்துவைத்த பழைய ஆங்கிலத் திங்கட் பெயர். அதனை எடுத்து இவ்விழாவுக்குச் சூட்டியவர் 1970களில் வாழ்ந்த ஓர் அமெரிக்கர்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1999இல் விரிவான நூலாக வெளியிட்டவர் பிரிஸ்டல் பல்கலைக் கழக வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்டு ஹட்டன். கோடையில் தீ மூட்டும் வழக்கம் ஐரோப்பாவில் உண்மையிலேயே பழையது. தேவாலயம் அதனைப் புனித யோவான் நாளாக்கி ஜூன் 24இல் வைத்துக்கொண்டது. ஆனால் இன்று நாம் காணும் பேகன் சமயம் இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் உருவானது. இதுவே அவர் கண்ட முடிவு. அவர் இச்சமயத்தை இழித்துரைக்க எழுதவில்லை என்பது கருதத்தக்கது. அதனினும் கருதத்தக்கது, அந்நெறியைச் சார்ந்தவருள்ளேயே பலர் அம்முடிவை ஏற்றுக்கொண்டது. "எங்கள் விழா எங்கள் தாத்தா காலத்தது, ஆனாலும் எங்களுடையது" என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு வந்தது. தீ அணையவில்லை, கூட்டம் குறையவில்லை.

இப்போது அவ்விரு குரல்களுக்கும் வருவோம். ஒன்று போற்றுகிறது, மற்றொன்று நகைக்கிறது. ஆயினும் இரண்டும் நிற்கும் தரை ஒன்றே: பழையது எதுவோ அதுவே மெய், புதியது எதுவோ அது பொய் என்னும் எண்ணம். இந்த எண்ணத்தையே நான் மறுக்கிறேன். எந்த விழாவுக்கும் முதல் ஆண்டு என ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்த முதல் ஆண்டில் யாரோ சிலர் கூடி, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தனர். அன்று அது போலி என்றால், ஆயிரம் ஆண்டு கழிந்தமையால் மட்டும் மெய்யாகிவிடுமா? பழைமை ஒரு செய்தி. அதனைத் தகுதி என மயங்கலாகாது. விழாவின் தகுதியை அது மனிதரை என்ன செய்கிறது என்பதைக்கொண்டு அளக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் வாழும் பேகன் நெறியினர் பலர் கோடைத் திருப்பத்தை டிசம்பரில் கொண்டாடுகின்றனர். அங்கே நீண்ட பகல் அப்போதுதான் வருகிறது. ஐரோப்பாவிலிருந்து சென்ற மரபு என்று எண்ணி, குளிரில் நடுங்கிக்கொண்டு ஜூனில் கோடை விழா எடுக்கவில்லை. தலைக்குமேல் உள்ள வானத்தைப் பார்த்து நாளை மாற்றிக்கொண்டனர். அவர்களைப் போலி என்பதா, உயிருள்ள மரபினர் என்பதா? நான் இரண்டாவதையே சொல்வேன்.

நம்மைப் போன்ற மாணவர்கள் அறியவேண்டிய வரலாறு ஒன்று லிதுவேனியாவில் உண்டு. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறித்துவம் ஏற்ற நாடு அது. அரசு மதம் மாறியது 1387இல். அந்நாடு சோவியத் ஆட்சியின்கீழ் இருந்தபோது, 1967ஆம் ஆண்டுக் கோடையில், வில்னியஸ் நகரத்து இளைஞர் சிலர் கெர்னவே என்னும் பழைய மேட்டூரில் கூடித் தீ மூட்டினர். அவ்விழாவுக்கு 'ராசோஸ்' என்று பெயர். பனித்துளிகள் என்பது பொருள். சிற்றூர்க் கிழவிகளிடம் கேட்டுத் திரட்டிய நாட்டுப் பாடல்களைப் பாடினர்; பூவளையங்களை ஆற்றில் மிதக்கவிட்டனர். அவர்கள் செய்தது அவ்வளவே. அரசுக்கு அது பொறுக்கவில்லை. இயக்கத்தை முன்னின்று நடத்திய யோனாஸ் டிரிங்கூனாஸ் 1973இல் பல்கலைக் கழகத்தை விட்டு நீக்கப்பட்டார். பல்லாண்டுகள் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார்.

எண்ணிப் பாருங்கள். ஒரு பேரரசு பூவளையத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும்? அவ்விழா பழையது என்பதற்காக அஞ்சவில்லை. தாமே ஒன்றை எண்ணி, தாமே கூடி, யாருடைய ஆணையும் இன்றி மகிழ்ந்திருக்கும் இளைஞரைக் கண்டே அஞ்சியது. நாடு விடுதலை பெற்றபின், 1992இல் 'ரோமுவா' என்னும் பெயரில் அவர்கள் சமய அமைப்பாகப் பதிவு பெற்றனர். அரசின் முழு ஏற்பு எளிதில் வரவில்லை. நாடாளுமன்றம் மறுத்தது; 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அம்மறுப்பு தவறு எனத் தீர்ப்பளித்தது; 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்பளித்தது. 1967இல் மூட்டிய தீ அரசின் ஏட்டில் இடம்பெற 57 ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்திலும் இவ்விழா எளிதாகக் கிடைத்த ஒன்றன்று. 1974 முதல் 1984 வரை ஸ்டோன்ஹெஞ்சின் அருகே ஜூன்தோறும் கட்டணமில்லா விழா நடந்தது. பாடகரும் நாடோடிகளும் துரூயிதரும் கூடினர். கற்களுக்குக் கேடு எனச் சொல்லி 1985இல் தடை போட்டனர். அவ்வாண்டு ஜூன் முதல் நாள், அங்கே சென்றுகொண்டிருந்த வண்டித் தொடரைக் காவலர் மறித்து, வண்டிக் கண்ணாடிகளை உடைத்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தனர். பத்தாண்டு கழித்து, 1995இல் அதே நாளில், கல்வட்டத்தின் அருகே சாலையோரப் புல்தரையில் அமைதியாகக் கூடிநின்ற சிலர் மீதும் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. சாலை நடப்பதற்கு மட்டும் உரியதன்று, பிறர்க்கு இடையூறின்றி அமைதியாகக் கூடிநிற்பதற்கும் உரியதாகலாம் என 1999இல் மூவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாக அங்கே தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு, 2000இல், கோடைத் திருப்ப இரவில் கல்வட்டம் எல்லோர்க்கும் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. இன்றும் திறக்கப்படுகிறது. கற்களைக் காக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1918இல் நாட்டு மக்களுக்கென நன்கொடையாக வந்த இடத்தில், மக்கள் ஓர் இரவு நிற்க இத்தனைப் போராட்டமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்படியானால் பழைமையைப் பற்றிப் பொய் சொன்னால்தான் என்ன? விழா நன்றாக நடக்கிறதே!" என்று நண்பர் ஒருவர் கேட்கலாம். இங்கேதான் எச்சரிக்கை தேவை. செர்மனியில் நாசிகளும் கதிர்த் திருப்ப விழா எடுத்தனர். ஆரியக் குருதியின் ஆதி விழா என்று அதற்குப் பெயரிட்டனர். மலைமேல் தீ மூட்டி இளைஞரைச் சுற்றி நிறுத்தி உறுதிமொழி வாங்கினர். அதே கதிரவன்; அதே தீ; அதே நாள். வேறுபட்டது ஒன்றே. 'இஃது எம் குருதியில் வந்தது. நீ எம் குருதியினன் அல்லன். வெளியே நில்' என்று அவ்விழா சொன்னது. பழைமை பற்றிய பொய் தொடக்கத்தில் இனிய கதையாகவே இருக்கும்; பிறகு அது வேலியாகும்; அதன்பின் ஆயுதமாகும். இன்றும் வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் பேகன் குழுக்களிடையே இப்பிளவு உண்டு. பிறப்பால் வடவர்க்கே உரியது என்போர் ஒரு பக்கம்; விரும்பி வரும் எவர்க்கும் உரியது என்போர் மறு பக்கம். தன் வயதை மெய்யாகச் சொல்லும் விழாவே கதவைத் திறந்துவைக்க முடியும். அண்மையில் மனிதர் கூடி அமைத்தது என்று ஒப்புக்கொண்டபின், இன்னொரு மனிதனை எந்தக் காரணம் சொல்லி விலக்குவது?

இதனை நம்மவர்க்கும் பொருத்திப் பார்க்கலாம். நம் நாட்காட்டியிலும் கதிர்த் திருப்பம் உண்டு. தட்சிணாயனம் தொடங்கும் நாளாக ஆடி முதல் நாளைக் கொள்கிறோம். யாழ்ப்பாணத்தார் அன்று கூழும் கொழுக்கட்டையும் செய்வர். சேலத்துப் பக்கத்தார் தேங்காயில் பாசிப்பயறும் வெல்லமும் இட்டுத் தீயில் சுட்டு உண்பர். இதைக் கேட்டவுடன், "ஆகா! அங்கும் தீ, இங்கும் தீ; ஐரோப்பிய விழாவும் நம் விழாவும் ஒன்றே; நம்மிடமிருந்தே அங்குச் சென்றது!" என்று கட்டுரை எழுதக் கை துறுதுறுக்கும். எழுதவேண்டா. குளிரையும் இருளையும் அறிந்த மனிதர் எங்கும் தீ மூட்டுவர்; அரிசி விளையும் நாட்டார் எங்கும் மாவில் பலகாரம் செய்வர். ஒப்புமை வேறு, உறவு வேறு. வள்ளல் பேகனை மறவாதீர்கள்!

மேலும், நம் நாட்காட்டி விண்மீன்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. நிலவுலகின் அச்சு மெல்லச் சுழல்வதால், அது கதிரவன் திருப்பத்தை விட்டு விலகி வந்துள்ளது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் குளிர்காலத் திருப்பமும் ஒன்றாக இருந்தன. இன்று கதிரவன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நாம் பொங்கலிடுவது சனவரி நடுவில். கோடைத் திருப்பத்துக்கும் ஆடிப் பிறப்புக்கும் இடையே ஏறத்தாழ நான்கு வாரம். இதனால் நம் பொங்கல் பொய்யாகிவிட்டதா? இல்லை. உழைத்தவன் விளைச்சலைக் கண்டு மகிழ்வதும், உழவுக்குத் துணைநின்ற மாட்டுக்கும் கதிரவனுக்கும் நன்றி சொல்வதும் பாகைக் கணக்கில் தங்கியிருப்பவை அல்ல. நாள் விலகியது, நன்றி விலகவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலின்போது ஒரு பேச்சு எழுகிறது. "முற்றம் இல்லை, புதுப்பானை இல்லை, கரும்பும் மஞ்சள் கொத்தும் கிடைப்பதில்லை. விடுதிச் சமையற்கட்டில் எரிவாயு அடுப்பில் வைப்பது பொங்கலா?" என்று சிலர் முகம் சுளிப்பர். "வேற்று மாநிலத்து நண்பர்களை அழைப்பானேன்? அவர்களுக்கு என்ன தெரியும்?" என்று வேறு சிலர் முணுமுணுப்பர். அவர்களுக்காகவே இத்தனை தொலைவு சுற்றிவந்தேன். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில், அறுவடையைக் கண்ணால் காணாத இடத்தில், நாம் வைக்கும் பொங்கல் ஒரு புதிய பொங்கலே. அதனைப் பழையதாக வேடம் கட்டவேண்டா; புதியது என நாணவும் வேண்டா. நம் பஞ்சாபித் தோழன் பானையைக் கிளறட்டும். வங்கத் தோழி கோலமிடட்டும். பொங்கும்போது எல்லோரும் சேர்ந்து குரல் கொடுப்போம்.

கதிரவன்கூட மாறாமல் இல்லை. ஸ்டோன்ஹெஞ்சை நிறுத்திய நாளில் அச்சின் சாய்வு இன்றைவிட ஏறத்தாழ அரைப் பாகை மிகுதி; அன்று கோடை விடியலில் அவன் எழுந்த இடத்துக்கும் இன்று எழும் இடத்துக்கும் சிறிது வேறுபாடு உண்டு. அவனே தன் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும்போது, அவனை வணங்கும் மனிதர் தம் விழாவைக் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதில் குற்றம் என்ன?

ஆகவே, தோழர்களே, எந்த விழாவைக் கண்டாலும் அதன் வயதைக் கேளுங்கள். வரலாறு அறிவது நம் கடமை. விடை எதுவாயினும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அதனோடு நின்றுவிடாமல் வேறு இரண்டையும் கேளுங்கள்: இது தன்னைப் பற்றி மெய் சொல்கிறதா? வாயிலில் நிற்பவனை உள்ளே அழைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வருமாயின், அது நேற்றுப் பிறந்ததாயினும் நல்விழா. இல்லை என்று வருமாயின், ஐயாயிரம் ஆண்டு ஆகியிருந்தாலும் அதனால் நமக்கு ஆவது ஒன்றும் இல்லை.